கன்னி: வரவு

ஆரப்பாளையம் அடுக்குவீடுகளை இடித்து
பதினாலு மாசம்.
புதுசு எழும்பும்வரை வாடகையில் பாதியை
வாரியம் கொடுக்கும்,
வருஷ வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு
உள்ளே இருந்தால்.
இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

கூடல்நகரில், ரயில் போனால் பாத்திரங்கள் பேசுகிற
ஒற்றை அறை.
பஞ்சவர்ணம், வயது நாற்பத்தேழு, தனியாள்.
தொழில் என்ற கட்டத்துக்குக்
கல்யாண மண்டபம் என்றார்.
விரல்களைப் பார்த்தேன்.
சோடா உப்பும் புளியும் தின்று மிச்சம் வைத்தவை.
மேற்கொண்டு கேட்கவில்லை.

சம்பளச் சீட்டு?
கிடையாது.
வங்கிக் கணக்கு?
இருக்கு, அதுல இருநூறு ரூவாயும் இருக்கு.
வேறு ஆதாரம்?

பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தார்.
உள்ளே ஒரு வருஷம்.
வேலைக்குப் போன நாட்களின் காலண்டர் தாள்கள்,
கிழித்த வரிசை குலையாமல்,
மாசத்துக்கொரு ரப்பர் பேண்டு போட்டு.
ஓரத்தில் பென்சிலில் எழுநூறு.
நடுராத்திரி தாண்டினால் தொள்ளாயிரம்.
காதுகுத்துக்கு ஐந்நூறு.
கடைசி நேரத்தில் நின்றுபோன கல்யாணத்துக்கு
இருநூறும் ஒரு வாளி சாம்பாரும்.
ஆடிக் கட்டு மெலிந்திருந்தது.
மார்கழிக்கு ரப்பர் பேண்டே தேவைப்படவில்லை.
வைகாசி கையில் கனத்தது.

மொபைலில் ஒருமுறை கூட்டினேன்,
நம்பாமல் தாளில் ஒருமுறை.
ஒரு லட்சத்து இருபதாயிரத்து அறுநூற்று நாற்பது.

"அம்மா, அறுநூத்தி நாப்பது கூடுது."
"கூடுனா நல்லதுதான சார்?"
"உதவி நின்னுரும்."

ரயில் வந்தது. அது போய் முடியும்வரை
பாத்திரங்கள் மட்டும் பேசின.

"அப்ப எந்த நாளு
நான் வேலைக்குப் போகாம இருந்திருக்கணும்?
நீங்களே எடுத்துக் குடுங்க."

தாள்களைத் தரையில் பரப்பினார்.
குனிந்தேன். இது?
"அன்னிக்குத்தான் இந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டுனேன்."
இது?
"கேஸ் சிலிண்டர்."
இது?
"அக்கா மக கல்யாணம்.
அங்கயே பாத்திரம் கழுவி,
அந்தக் கூலியிலயே மொய் எழுதுனேன்."
அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி
வைகாசிக்குள் திருப்பி வைத்தார்.

நான் மாசம் பதினாலாயிரத்துக்கு ஒப்பந்தக்காரன்.
இந்தப் படிவத்தின் கணக்கில் வசதியானவன்.
என் வீட்டுக்காரர் ஐந்தாம் தேதி வாடகைக்கு
நாலாம் தேதியே வாசலில் இருமுவார்.

ஆவணித் தாள் ஒன்றில் எண்ணெய்க் கறை.
இது?

உடனே பதில் வரவில்லை.

காலை ஐந்துக்குப் போனாராம்.
ஐந்தேகாலுக்கு, ரசம் சிந்திய தரையில் விழுந்தாராம்.
மேனேஜர் முழு எழுநூறையும் கையில் திணித்து
ஆட்டோவில் ஏற்றிவிட்டார்,
ஆஸ்பத்திரியில் மண்டபம் பேர் சொல்ல வேண்டாம் என்று.

"இது கூலியா சார்?
இல்ல, வாயைத் தைக்கக் குடுத்ததா?"

படிவத்தை மேலிருந்து கீழே படித்தேன்.
கூலி. ஓய்வூதியம். வட்டி. பிள்ளைகள் அனுப்புவது.
திருப்பி மறுபக்கமும் பார்த்தேன்.
விழுந்ததற்குக் கட்டம் இல்லை.

தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தேன்.
ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துத்
தொள்ளாயிரத்து நாற்பது.
அறுபது ரூபாயில் ஏழை.

எழுத்தெழுத்தாய்க் கையெழுத்துப் போட்டார்.
'பஞ்சவர்' வரைக்கும்தான் கட்டத்தில் இடமிருந்தது;
மிச்சம் வெளியே போய் நின்றது.
டின்னை மூடுமுன் ஆவணியை ஒருதரம் எண்ணினார்,
ஒன்று குறைந்ததைத் தெரிந்துகொண்டு.

காளவாசல் சிக்னலில் தாளை எடுத்துப் பிரித்தேன்.
அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்.
ஒன்றைச் சுற்றி மட்டும் பென்சில் வட்டம்.
கன்னி: வரவு.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்,
கட்டுப் போட்டது எழுநூத்தம்பது.

பச்சை விழுந்திருந்தது போல.
பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.